சங்கராவுக்குத் தைராய்டு

தி.நகரில் ஆடித் தள்ளுபடிக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே கூட்டம் மயிலாப்பூரில் என் கிளினிக் வாசலில் நின்றது. காய்ச்சல் சீசன் இல்லை. எனக்குத் திடீரென்று கைராசியும் வந்துவிடவில்லை. 'குவாண்டம் ஸ்கேனர்' வந்திருந்தது.

ஒரு இரும்புக் குச்சி, ஒரு வயர், ஒரு லேப்டாப். குச்சியை ஒரு நிமிடம் பிடித்தால் ஈரல் முதல் மூளை வரை நாற்பது பக்க ரிப்போர்ட். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது. விற்றவர் சாய்சரண், கோட்டு போட்ட 'வெல்னஸ்' ஆசாமி. புரட்டை அம்பலப்படுத்தத்தான் அவரிடம் போனேன், சத்தியமாக. குச்சியை என் கையில் கொடுத்தார்.

"டாக்டர், உங்களுக்குத் தூக்கம் சரியில்ல. டென்ஷன் ஜாஸ்தி. அசிடிட்டி இருக்கு."

அசந்துபோனேன். சென்னையில் கார் ஓட்டும் எவனுக்கும் இவை மூன்றும் இருக்கும் என்பது எம்.டி. படித்த என் மூளைக்கு எட்டவில்லை. அடுத்த வாரமே குச்சி என் மேசைக்கு வந்தது.

அன்றிலிருந்து நோயாளியைத் தொடுவதை விட்டேன். திரையைப் பார்த்தே பேசினேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி பஞ்சாட்சரத்துக்குக் 'கடல் உணவைத் தவிர்க்கவும்' என்று வந்தது. வெங்காயத்தையே யோசித்துச் சாப்பிடுகிற மனிதர் பூரித்துப்போனார்.

"எழுபது வருஷமா தவிர்த்துண்டுதான் இருக்கேன், டாக்டர்! மெஷின் எப்படிக் கண்டுபிடிச்சுது பாருங்கோ!"

நானும் சேர்ந்து வியந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் நொச்சிக்குப்பத்து ஹம்சா வந்தார். மீன் விற்பவர். பத்து வருடமாகச் சர்க்கரை.

"சார், செருப்புல ரத்தம் கீது. ஆனா வலியே இல்ல. இன்னான்னு பாரு."

சர்க்கரைக்காரருக்கு ரத்தம் வந்தும் வலிக்கவில்லை என்றால் கால் நரம்பு மரத்துவிட்டது என்று அர்த்தம். அலட்சியம் செய்தால் விரல் போகும், பிறகு காலே போகும். மூன்றாம் ஆண்டு மாணவன்கூடக் குனிந்து பாதத்தைப் பார்த்திருப்பான். நான் குச்சியை நீட்டினேன். 'நரம்பு மண்டலம்: நன்று' என்று வந்தது. அனுப்பிவிட்டேன்.

மறுவாரம் மீன்கூடையோடு வந்தார்.

"ரத்தம் நிக்கல சார். இன்னொரு தபா புடிக்கவா?"

"பிடிம்மா."

பெண், வயது ஐம்பத்திரண்டு, எடை அறுபத்தைந்து என்று தட்டிவிட்டு வழக்கம்போல் திரையை உற்றுப் பார்த்தேன். காத்திருந்தவர்கள் கதவோரம் எட்டிப் பார்த்தார்கள். கம்பீரமாக வாசித்தேன்.

"தைராய்டு கொஞ்சம் குறைவு. முழங்கால் தேய்மானம். நரம்பு மண்டலம் நன்று. கடல் உணவைத் தவிர்க்கவும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நிமிர்ந்தேன். என் மேசைமேல் ஒரு சங்கரா மீன் படுத்திருந்தது. குச்சி அதன் வாயில் இருந்தது.

"முழங்காலா?" என்றார் ஹம்சா. "இதுக்கு எங்க கீது, காட்டு."

கதவோரம் நின்ற பஞ்சாட்சரம் அவசரமாகத் தன் ரிப்போர்ட்டைப் பிரித்தார். "எனக்கும் இதேதானே போட்டிருக்கு! மீனும் நானும் ஒண்ணா?"

எல்லாரும் கேட்கும்படி சாய்சரணுக்குப் போன் போட்டேன். "மீனுக்கு முழங்கால் தேய்மானம் காட்டுது" என்றேன்.

"நீங்க போடற வயசு, எடைக்குத்தான சார் ரிப்போர்ட் வரும்? மீனோட வயசைப் போட்டீங்களா?"

வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டு லைனைத் துண்டித்தார். அதற்குப் பிறகு அந்த எண்ணில் ஆள் இல்லை.

ஹம்சா என்னை விடவில்லை. "மீனு வாங்க வர்றவன் செவுளைத் தூக்கிப் பாக்காம வாங்கமாட்டான். செத்த மீனுக்கே அப்டி. என் காலைத் தூக்கிப் பாத்தியா நீ?"

தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தூக்கினேன். கட்டைவிரலுக்கு அடியில் புண். உள்ளே ஒரு மீன்முள் குத்தி நின்றது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்பார்கள். முள்ளை அகற்றி அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். விரல் தப்பியது. என் மானம் தப்பவில்லை.

இப்போது கிளினிக்கில் கூட்டம் இல்லை. வருகிற நாலு பேரும் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டி, "செவுளைப் பாருங்க டாக்டர்" என்கிறார்கள். பார்க்கிறேன்.

படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிறீர்களா? அந்தப் படித்தவன் நான்தான். செத்த மீனுக்கு முழங்கால் வைத்தியம் சொன்னவன். தயவுசெய்து நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள்.