பட்டுப்புழுவுக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

ஆராய்ச்சி பண்ணுகிறவள் வீட்டுக்குப் போன் போட்டுப் பெருமையடிக்கக்கூடாது. நான் அடித்தேன். அதுவும் எங்கள் சர்ச்சில் சபைச் செயலாளரான என் அப்பாவிடம். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அப்போது தினமும் எங்கள் ஊரான ஊரிகத்தில் ரயிலேறி, பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். இன்சுலினுக்கு ஒரு பெரிய சொந்தபந்தமே உண்டு. அமைப்பில் ஒரே சாயல், ஆனால் ஆளுக்கொரு வேலை. பட்டுப்புழுவின் உடம்பில் அந்தக் குடும்பத்து ஹார்மோன்கள் இன்னும் எத்தனை ஒளிந்திருக்கின்றன என்று தேடுவது என் பாடு. இரண்டு வருஷம் கண் எரியக் கம்ப்யூட்டரில் மரபணுக்களைத் துழாவி, ஒரு சனிக்கிழமை மூன்று புது ஆட்களைப் பிடித்தேன்.

"அப்பா! புதுசா மூணு இன்சுலின் கண்டுபிடிச்சிட்டேன்!"

புழு என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. (கெத்து குறைந்துவிடுமாம்!)

மறுநாள் சர்ச் ஆராதனையில் எங்கள் பாதிரியார் ஐயர், யார் யார் எதற்காக ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தார்கள் என்று வாசித்தார். பிறந்தநாள், ஆபரேஷன் சுகம், அப்புறம், "சர்க்கரை வியாதிக்கு மூன்று புது இன்சுலின் கண்டுபிடிக்க மகளுக்கு ஞானம் தந்ததற்காக..." சர்க்கரை வியாதி என்பது அப்பா சேர்த்துவிட்ட சொந்தச் சரக்கு. பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன்.

வெளியே வந்தால் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு அவரவர் சுகர் அளவை ஒப்பித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இருபது வருஷமாக இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிற என் பெரியம்மா, யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த கேசரியில் இரண்டாவது தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"இன்னா பெரியம்மா இது! காலைல ஊசி போட்டுக்கினியா?"

"இனிமே அது இன்னாத்துக்கு? உங்கப்பா நேத்தே சொல்லிட்டாரு. மருந்தெல்லாம் குப்பைல போட்டாச்சு. உன்னுது எப்போ வரும்?"

"ஐயோ, அது வேற, இது வேற! ஒரே குடும்பம்தான், ஆனா உனக்கு வேலை செய்யாது!"

"குடும்பத்துல மூணு பேர் இருக்காங்கன்ற. ஒருத்தன்கூடவா வேலைக்கு ஆவமாட்டான்?"

பொறுமை போயே போச்சு. இவள் ஒருத்தி என்றால் பரவாயில்லை, இன்னும் எத்தனை பேர் மருந்தைக் குப்பையில் போட்டார்களோ! உள்ளே ஓடி மைக்கைப் பிடித்தேன். "யாரும் ஊசியை நிறுத்தாதீங்க! நான் கண்டுபிடிச்சது மனுஷனோடது இல்ல, பட்டுப்புழுவோடது!"

வெளியே நின்ற சபை கேசரித் தட்டுகளோடு உள்ளே ஓடிவந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "அப்போ நாம ஸ்தோத்திரம் பண்ணது புழுவுக்கா?" அப்பா குனிந்து, செருப்பைத் தேடுவதுபோல் ரொம்ப நேரம் தேடினார். (செருப்பு காலில்தான் இருந்தது.)

பெரியம்மாவை ஸ்கூட்டரில் அள்ளிப் போட்டுக்கொண்டு, கடைவீதி இருக்கிற ராபர்ட்சன்பேட்டைக்குப் பறந்தேன். ஞாயிற்றுக்கிழமை, நாலாவது மருந்துக்கடைதான் திறந்திருந்தது. பக்கத்து கிளினிக்கில் சுகரைப் பார்த்த டாக்டர் ஊசி போட்டுவிட்டு, திட்டியது என்னை. வழியெல்லாம் பெரியம்மாவும் என்னைத்தான் திட்டினாள். பிழைத்தாளே, அது போதும்.

போன வருஷம் ஆராதனையில் என் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலையை வாசித்தபோது, இந்த விவாகத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று ஐயர் கேட்டார். வழக்கமாக யாரும் மூச்சுவிடமாட்டார்கள். முதல் பெஞ்சிலிருந்து பெரியம்மா எழுந்தாள்.

"தடையெல்லாம் இல்லீங்க ஐயரே. மாப்பிள்ளை மனுஷன்தானான்னு மட்டும் ஒரு தபா நல்லா விசாரிச்சிடுங்க."