நெட்டையனுக்கு ஏழரைச் சனி

எங்கள் அப்பா கணேசலிங்கம் ஒரு பகுத்தறிவுவாதி. இதை நான் சொல்லவில்லை. அவரே சொல்லுவார், கோயில் தேருக்கு வேட்டி கட்டும்போதுகூடச் சொல்லுவார். "எதையும் ஆதாரத்தோடை கதைக்கவேணும் பிள்ளை." இந்த ஒரு வசனத்தை நம்பித்தான் நான் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கப் போனேன். ஆகவே, மோர்டனில் எங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கும் கடமை எனக்கு உண்டு.

முதலில் விளையாட்டு. அம்மாவின் தம்பி கிருசாந்தன் மாமா மெல்பேர்னில் இருக்கிறார். அங்கே முட்டைப் பந்தைக் காலாலும் கையாலும் அடித்து ஓடுகிற அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் ஒன்று உண்டு. மாமாவும் கூட்டாளிகளும் அதை விளையாடுவதில்லை. ஆளுக்கொரு கற்பனை அணி வைத்திருக்கிறார்கள். மைதானத்தில் உண்மையான வீரன் ஓடினால், சோபாவில் இருப்பவரின் போனில் புள்ளி விழும். பத்து அணிகள். அணிக்கு இருபது பேர். வருடத் தொடக்கத்தில் ஆறு பேரை மட்டும் தக்கவைக்கலாம். மற்றவர்களைக் கைவிட வேண்டும். கைவிட்டவனை யாரும் தூக்கலாம்.

அப்பா இதில் நாலு வருடமாக இருக்கிறார். நாலு வருடமும் ஒன்பதாவது இடம்.

மெல்பேர்னில் சனிக்கிழமை இரவு ஆட்டம் என்றால் எங்களுக்குக் காலை. அம்மாவுக்குக் கிழமையில் அந்த ஒரு நாள்தான் பார்மசி வேலை இல்லை. அப்பா ரீவிக்கு முன்னால் கத்திக்கொண்டிருப்பார். அம்மா ரெயின் மாறி ஈஸ்ட் ஹாம் போய் மரக்கறி காவி வருவார். பக்கத்தில் ரூட்டிங்கில் தமிழ்க் கடை இல்லையா என்று கேட்டேன். ஈஸ்ட் ஹாம் முருங்கைக்காய்தான் முருங்கைக்காயாம். இதற்கு ஆதாரம் கிடையாது.

பெப்ரவரியில் ஒரு நாள், அம்மா நெத்தலி மீனுக்குத் தலை கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"இஞ்சேருங்கோ, இந்த முறையும் நீங்கள் தோத்தா?"

"தோக்கமாட்டன்."

"தோத்தா எண்டுதான் கேக்கிறன்."

"பத்துக் கிழமை முடிய நான் கடைசியிலை நிண்டா, பிறகு சனிக்கிழமையிலை ஈஸ்ட் ஹாமுக்கு நான் போறன். ரீவியையும் நீர் எடும். காணுமே?"

"பிள்ளை, நீ சாட்சி."

அப்பா சிரித்தார். நாலு வருடமாக ஒன்பதில் நிற்கிற மனிதருக்குப் பத்து என்றொரு இலக்கம் இருப்பது மறந்துபோயிருந்தது.

அவரை வெல்லவைக்க நான் ஒரு அட்டவணை போட்டேன். பத்து அணிகளின் வீரர்கள், மூன்று வருடப் புள்ளிகள், வயது, காயம், எல்லாம். வெள்ளைக்காரப் பெயர்கள் அப்பாவின் வாயில் நுழையாது. அதனால் ஊர் வழக்கப்படி தன் அணியில் எல்லோருக்கும் பட்டம் வைத்திருந்தார். செம்பட்டை. மொட்டை. கிழவர். என் அட்டவணையில் முதலாவதாக நின்றவன் நெட்டையன். இருபத்தொரு வயது. ஆறடி எட்டங்குலம். போன வருடம் முழங்கால் முறிந்து பாதி ஆட்டம் இல்லை. ஆனால் ஓடிய நாளெல்லாம் புள்ளியை அள்ளினான்.

"அப்பா, இவனை விடவும் கூடாது, ஆருக்கும் மாத்தவும் கூடாது."

"முழங்கால் பிள்ளை."

"ஆறிட்டுது. அதையும் கணக்கிலை சேர்த்திருக்கிறன்."

"கிழவர் அனுபவசாலி. அவரை வைப்பம்."

"அவருக்கு முப்பத்துநாலு."

"எனக்கு ஐம்பத்தெட்டு!"

"உங்களை ஆரும் எடுக்கேல்லையே."

எங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தால் உடைந்த கேத்தல் மூன்று, வயர் அறுந்த மின்விசிறி இரண்டு, 2004ஆம் ஆண்டுப் பிறின்ரர் ஒன்று. ஒன்றையும் எறிய விடமாட்டார். அப்படிப்பட்ட மனிதர், தன்னிடம் இருந்த ஒரே உருப்படியான பொருளை எறிய யோசித்தார். இதை எந்தத் தர்க்கத்தில் அடக்குவது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அட்டவணையை வாங்கினார். பார்த்தார். "நல்லாச் செய்திருக்கிறாய்" என்றார். கொண்டுபோய் அம்மாவின் நெத்தலிக்குக் கீழே விரித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"மலர், உந்த நூறு வருசப் பஞ்சாங்கத்தை ஒருக்கால் எடுமன்."

நான் ஆட்சேபித்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

"நெட்டையன் பிறந்த திகதியைச் சொல்லுங்கோ" என்றார் அம்மா. அப்பா சொன்னார். அம்மா கையைத் துடைத்துவிட்டுப் பக்கம் புரட்டினார். "மேசம்."

"மேசமெண்டா?"

"மேசத்துக்கு ஏழரைச் சனி தொடங்குது."

"ஐயோ. அப்ப விடச் சொல்லுறீரோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. பஞ்சாங்கத்திலை கிடக்கிறதைச் சொன்னனான்."

"கிழவர்?"

"கடகம். அட்டமத்துச் சனி கழியுது."

"பாத்தியா பிள்ளை! நான் அப்பவே சொன்னனான்."

"அப்பா, ஆதாரம்?"

"அச்சிலை கிடக்குது. இதைவிட என்ன ஆதாரம்?"

அன்று பின்னேரமே நெட்டையனைக் கைவிட்டார். அந்த வருடம் ஒருவர் விலகியதால் ஒரு புது அணி வந்திருந்தது. பெயர் 'பரணி'. புதியவருக்கே முதல் தெரிவு என்பது விதி. தெரிவு தொடங்கி நாலு செக்கனில் பரணி நெட்டையனைத் தூக்கியது.

அப்பா மாமாவுக்குப் போன் போட்டார். "கிருசாந்தன், ஆரப்பா இந்தப் பரணி?"

"தெரிஞ்ச ஆள்தான் அத்தான். அவ்வளவாக் கதைக்காது."

"பாவம், ஏழரைச் சனியைத் தலையிலை ஏத்திக்கொண்டு போகுது!"

பிறகு நடந்ததை ஆதாரத்தோடு சொல்கிறேன். கிழவருக்கு இரண்டாவது கிழமை தொடைத் தசை பிடித்தது. நாலாவது கிழமை ஓய்வு பெற்று ரீவியில் வர்ணனை செய்யப் போய்விட்டார். அங்கே நல்லாகத்தான் கதைத்தார், ஆனால் கதைக்கிறதுக்குப் புள்ளி இல்லை. நெட்டையன் வானத்தில் ஏறிப் பந்தைப் பிடித்துக்கொண்டே இருந்தான். பத்துக் கிழமை முடிய பரணி முதலிடம். அப்பா பத்தாவது.

அடுத்த சனிக்கிழமை காலை அப்பா ஒன்றும் நடவாததுபோல் சோபாவில் இருந்தார். அம்மா தேத்தண்ணியோடு வந்தார். ஒரு கோப்பை மட்டும். ரிமோட்டை எடுத்தார்.

"கொஞ்சம் தள்ளி இருங்கோ. என்ரை ஆக்கள் விளையாடப் போகினம்."

"உம்மடை ஆக்களோ?"

அம்மா போனைத் திருப்பிக் காட்டினார். அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"நீரோ பரணி?"

"ஓம். தம்பிதான் சேர்த்துவிட்டவன்."

"அப்ப ஏழரைச் சனியெண்டு எனக்குப் பொய் சொன்னீர்!"

"என்ன பொய்? மேசத்துக்கு ஏழரைச் சனிதான். எனக்கும்தான் நடக்குது. நான் மேச ராசி, பரணி நட்சத்திரம். ஏழரைச் சனியோடை வேலைக்குப் போறன், வந்து சமைக்கிறன், ரண்டு ரெயின் மாறி மரக்கறி காவுறன். அந்தப் பெடியனுக்கு மட்டும் பந்து பிடிக்க ஏலாதோ?"

"நீர் பரணியெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நியாயத்துக்கு நான் ஒன்றைச் சொல்லவேண்டும். கலியாணத்துக்கு முதல் இரண்டு குறிப்பையும் அருகருகே வைத்து, பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று தலையாட்டியவர் அப்பா. இருபத்தாறு வருடமாகக் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டி, ஐயருக்கு எங்கள் எல்லோருடைய நட்சத்திரத்தையும் ஒப்புவிப்பவர் அம்மா. அப்பா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தரவு கிழமைதோறும் உரத்து வாசிக்கப்பட்டது. அவர் பதியவில்லை. அவ்வளவுதான்.

"சரி. மற்ற வீரரை எல்லாம் உமக்கு ஆர் தெரிஞ்சு தந்தது?" அப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

"பிள்ளையின்ரை அட்டவணை. நெத்தலி கிள்ளேக்கை கடைசி வரி வரைக்கும் வாசிச்சு முடிச்சிட்டன். நல்லாச் செய்திருக்கிறாள்."

என் அனுமதியைக் கேட்டிருக்கலாம், அணியின் பெயரோடு என் பெயரையும் போட்டிருக்கலாம் என்று நான் வாதாடினேன். நெட்டையன் பந்தைப் பிடித்துவிட்டான். அம்மா போட்ட சத்தத்தில் என் வாதம் கேட்கவில்லை.

அப்பா தள்ளுவண்டிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஒன்றரை மணித்தியாலம் கழித்து ஈஸ்ட் ஹாம் கடைக்குள் நின்று போன் எடுத்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"மலர், நெட்டையனுக்கு எத்தினை புள்ளி?"

"நூற்றிப் பதினெட்டு."

பெருமூச்சு ஒன்று கேட்டது. "அடுத்த வருசம் ஆர் ஆரைத் தக்கவைக்கப் போறீர்?"

"அஞ்சு பேரை முடிவெடுத்திட்டன்" என்றார் அம்மா, ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆறாவது ஆளை, நீங்கள் கொண்டுவாற முருங்கைக்காயைப் பாத்திட்டுச் சொல்லுறன்."