குளியலறையில் எழுதிய பரீட்சை

"படகு, கத்தரிக்கோல், அப்புறம்..." மனைவி இழுத்தாள். கையிலிருந்த போன் பொறுமையாகக் காத்திருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"மேகம்!" என்றார்.

"இன்னொருவர் குரல் கேட்கிறது. தனியாக இருந்து மறுபடியும் தொடங்குங்கள்," என்றது போன்.

"சும்மா இருங்களேன்! இது முடிவை நேரா டாக்டருக்கு அனுப்பிடும்."

மறதி மறதி என்று புலம்பிக்கொண்டிருந்தவள், தானாகவே போய் மூளை நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவள் போனிலேயே ஒரு செயலியைப் போட்டு, தினமும் காலையில் சோதனை செய்யச் சொல்லியிருந்தார்கள். சொன்ன வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மஞ்சள் வட்டம் வந்தால் தொட வேண்டும், நீலத்தைத் தொடக்கூடாது.

கடையில் எத்தனையோ பேரை உட்காரவைத்து எழுத்துப் படிக்கச் சொன்னவர் அவர். தப்பாகப் படிக்கிறவர்களின் முகம் எப்படிச் சுருங்கும் என்று தெரியும். அந்த முகத்தை இவளிடம் பார்க்க மனம் வரவில்லை.

மறுநாள் வார்த்தைகளை அட்டையில் எழுதி, போனுக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தார்.

"கண்கள் திரையைவிட்டு விலகுகின்றன," என்று போன் காட்டிக்கொடுத்தது.

அதற்கடுத்த நாள், அவள் சமையலறையில் இருந்த நேரம் பார்த்துப் போனோடு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டார். 'ஏணி, மூக்கு, விளக்கு, குதிரை' என்றது போன். வட்டங்களோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் ஏணி மட்டும்தான் நினைவில் மிஞ்சியது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏணி, வாளி, சோப்பு, துண்டு!"

"உள்ள யார்கிட்ட பேசறீங்க?" வெளியிலிருந்து மனைவி.

"பாடிட்டிருக்கேன்!"

"வாளி சோப்புன்னா?"

போன் சின்னது, தன் விரல் தடிமன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பழகினால் சரியாகிவிடும் என்று தினமும் அவரே செய்தார். ஆகவில்லை. ஒருநாள் மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். "மார்க் ரொம்ப இறங்கியிருக்கு. ரெண்டு பேரும் வாங்க."

காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அவளைக் குழியில் தள்ளிவிட்டோமே! பஸ்ஸில் அவள் அவர் கையைப் பிடித்தபடியே வந்தாள். அது அவரை இன்னும் குத்தியது.

அவள் டாக்டர் அறைக்குள் போனதும், வாசலில் நின்ற நர்ஸிடம் கொட்டிவிட்டார்.

"சிஸ்டர், அதெல்லாம் நான் செஞ்சது. அவ தொடவே இல்ல. என் முட்டாள்தனத்தால அவளுக்குப் பெரிய வியாதின்னு ஆயிடுச்சு. எல்லாத்தையும் அழிச்சுடுங்க. அவளை முதல்லேர்ந்து பாருங்க."

நர்ஸ் அவர் தோளைப் பிடித்து மெல்ல நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"தெரியும் சார். 'அவருக்கு டெஸ்ட்டுன்னா வரவே மாட்டாரு, எனக்குன்னு குடுங்க, அவரே எடுத்துச் செய்வாரு'ன்னு அம்மா முதல் நாளே சொல்லிட்டாங்க."