துண்டுக்குப் பதில் மகள்

பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். குடை, கைப்பை, ஒற்றைச் செருப்பு போட்டவர்களும் உண்டு. நான் பெற்ற மகளைப் போட்டவன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு டிசம்பர். கிறிஸ்துமஸ் முடிந்து புத்தாண்டு வரை பாண்டிச்சேரி கடற்கரைச் சாலை முழுக்க சீரியல் விளக்கு எரியும் என்று ஆபீஸில் யாரோ சொல்ல, அதை ஐந்து வயது கவிதாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் கண் விழித்ததும், "இன்னைக்கா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் பயணத்துக்கு ஒரு மாதம் திட்டம் போட்டேன். (அதற்குள் சிலர் பெண் பார்த்துக் கல்யாணமே முடித்துவிடுகிறார்கள்.) மழை வந்தால்? லாட்ஜில் தண்ணீர் வராவிட்டால்? கரன்ட் போய் விளக்கே எரியாவிட்டால்? யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை பஸ். எங்கள் வீடு இரும்புலியூரில். பாண்டி பஸ்ஸெல்லாம் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகும், ஆனால் நிற்காது. தாம்பரத்தில் நிற்கும், ஆனால் கிளம்பும் இடமான பாரிஸ் கார்னரிலேயே நிரம்பி வரும். மூன்று ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் போய் நின்று, எந்த பஸ்ஸிலிருந்து எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று வேவு பார்த்தேன்.

"பேசாம பாரிஸுக்கே போய் ஏறிடலாமா?" என்று மனைவி உஷாவிடம் கேட்டேன்.

"அங்க போய் ஏறி, திரும்பவும் நம்ம வீட்டையே வேடிக்கை பார்த்துக்கிட்டு போகணுமா? சும்மா இருங்க."

அந்த நாளும் வந்தது, தாம்பரத்துக்கு பஸ்ஸும் வந்தது. ஒரு ஜன்னலோரம் மூன்று பேர் எழுந்திருப்பது தெரிந்தது. கவிதாவைத் தூக்கி உள்ளே விட்டேன். "அப்படியே படுத்துக்கோ. யார் கேட்டாலும் ஆள் வராங்கன்னு சொல்லு," என்றேன். சொன்னபடி கை காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

வாசலில் ஒரே நெரிசல். உஷா ஒரு காலைப் படியில் வைத்தாள். பெட்டி கம்பியில் மாட்டிக்கொண்டது. "இடமில்லம்மா, பின்னாடி வண்டி வருது, இறங்கு," என்றார் கண்டக்டர். (மூன்று இடம் இருந்தது. அதில்தான் என் மகள் படுத்திருந்தாள்.) உஷா தடுமாறி இறங்கினாள். குழந்தை உள்ளே இருக்கிறது என்று கத்தினேன். அந்த இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. பதறிப்போய் பஸ்ஸின் பக்கவாட்டில் படபடவென்று தட்டினேன்.

ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும், இரண்டு தட்டினால் கிளம்ப வேண்டும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பதறியவன் எண்ணிக்கொண்டா தட்டுவான்? டிரைவர் சட்டென்று பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

உஷா அழக்கூட இல்லை. ஓடிப்போய் ஓர் ஆட்டோவை மறித்தாள்.

"இன்னா சார், பஸ்ஸ வுட்டுட்டியா?" என்றார் ஆட்டோக்காரர்.

"பஸ்ஸை இல்லப்பா, பொண்ணை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேஜார் புடிச்ச ஆளா கீறியே. குந்து சீக்கிரம்."

ஜி.எஸ்.டி. ரோட்டில் முன்னால் போன ஒவ்வொரு பஸ்ஸும் எங்கள் பஸ்ஸாகத் தெரிந்தது. ஒரு மாதமாகப் பட்ட கவலைகளில் இது மட்டும் இல்லை. இனி ஜென்மத்துக்கும் எங்கும் போக மாட்டேன், குழந்தை கிடைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். உஷா என் பக்கம் திரும்பவே இல்லை.

இரும்புலியூரில், எந்த பஸ்ஸும் நிற்காத எங்கள் தெருமுனையில், அந்த பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் இடுப்பில் கவிதா. ஜன்னல் வழியாக வீட்டைப் பார்த்ததும் எழுந்து, "எங்க வீடு வந்துடுச்சு, நிறுத்துங்க, போய் அம்மாவைக் கூட்டிட்டு வரேன்," என்றாளாம்.

கண்டக்டர் என்னிடம், "படிச்சவர் மாதிரி இருக்கீங்களே சார்," என்றார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஏறினோம். கவிதா விரட்டிய விரட்டில் அந்த மூன்று இடத்திலும் யாரும் உட்காரவில்லை. ஒன்றில் அவள், ஒன்றில் உஷா. மூன்றாவதில் உஷா பெட்டியை வைத்தாள். திண்டிவனம் வரை நின்றுகொண்டே போனேன்.

பாண்டியில் மழை இல்லை, கரன்ட் போகவில்லை. விளக்குகள் நன்றாகவே எரிந்தனவாம். என்ன நிறம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் முழுக்க நான் பார்த்தது கவிதாவின் உச்சந்தலையை மட்டும்தான். "அப்பா, கை வலிக்குது, விடுங்க," என்று நாலு தடவை சொன்னாள். விடவில்லை.

கல்யாணமாகி அவள் மாப்பிள்ளையோடு அவர் வேலை பார்க்கும் ஊருக்குக் கிளம்பிய அன்று, தாம்பரம் ஸ்டேஷனில் ஆளாளுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம். ரயில் நகர்ந்தது. நானும் அவள் ஜன்னலோடு சேர்ந்து நடந்தேன், பிறகு என்னை அறியாமல் ஓடினேன். அவள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"அப்பா, இந்தத் தடவை நானாத்தான் ஏறினேன். ஆட்டோ பிடிச்சு வந்துடாதீங்க."

வழியனுப்ப வந்திருந்த சம்பந்தி ஒன்றும் புரியாமல் விழித்தார். உஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். இப்போது அந்த வீட்டிலும் இதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்களாம்.