மீனுக்கு எடுத்த அடையாள அட்டைப் படம்

கிண்ணியா,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அன்ஸார் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டோஹாவில் நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன். இங்கே என் வீட்டுக்காரி, உங்கள் ராத்தா சுபைதா நலம். நானும் நலம்தான், இடது காதுக்குள் போன கடல் இன்னும் திரும்பி வரவில்லை, அவ்வளவே.

நீங்கள் அனுப்பிய தண்ணீர்க் கமராவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். சுனாமிக்குப் பிறகு ராத்தா கடற்கரைப் பக்கம் கால் வைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கடலுக்குள் பயமில்லாத இடமும் உண்டு என்று ஒரே ஒரு படத்தில் காட்டிவிட ஆசைப்பட்டேன், இல்லாவிட்டால் அறுபத்தாறு வயதில் முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறக்கக்கண்டி மீனவர் பேணாட்டின் வள்ளத்திலிருந்து ஏன் குதிக்கப் போகிறேன், ஆனால் நாற்பது வருடம் ஸ்டூடியோவில் அடையாள அட்டைப் படம் எடுத்த கை சும்மா இருக்குமா, ஆறடி தள்ளி நின்று, நேர் முகத்துக்கு லைட் அடித்து, இரண்டு காதும் தெரிகிறதா என்று பார்த்துத்தான் பொத்தானை அமத்தினேன். காது தேடி முடிவதற்குள் மீன் போய்விட்டது. வந்த படமெல்லாம் ஒரே பச்சை, அதன்மேல் மா தூவியது போல வெள்ளைப் புள்ளி. "இதென்ன, குசினிச் செவரா?" என்று வீட்டில் ராத்தா கேட்டார்.

பேணாட்டிடம் கொண்டுபோய்க் காட்டினேன், வள்ளத்தில் இருந்தபடியே சிரித்தார். "நேர அடிச்சா தண்ணிக்குள்ள இருக்கிற தூசிதான் வெளிக்கும், றஊப் நானா. லைட்டைப் பக்கத்தால பிடியுங்க. கையெட்டுற தூரத்துக்குக் கிட்டப் போங்க. காலை அடிக்காதீங்க, மண் கிளம்பும்."

மறுநாள் காலை அப்படியே செய்தேன். லைட்டைப் பக்கவாட்டில் சாய்த்ததும், மச்சான், அதுவரை சாம்பலாகக் கிடந்த பவளப் பாறை மெல்லச் சிவந்தது. சின்ன மீன்கள் என்னை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. தூரத்து எஞ்சின் சத்தம் வந்து, கரைந்து போனது. என் வயதும் ஊரும் மறந்து அந்தச் சிவப்பின் பக்கத்தில் மிதந்தேன். அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் பொத்தானை அமத்த மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ராத்தாவிடம் கதையாகத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டார். தோற்றுப் போனேன் மச்சான், கவலையாக இருக்கிறது. விடுமுறை முடிந்து திரும்பும் உங்கள் கூட்டாளி றிப்தியிடம் இக்கடிதத்தோடு கமராவையும் லைட்டையும் கொடுத்தனுப்புகிறேன். இனி எனக்குக் கரையே போதும். அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
மச்சான் றஊப்

பி.கு: றிப்தி கடிதத்தை மட்டும்தான் கொண்டு வருவார். உறையை ஒட்டும் நேரத்தில் ராத்தா வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"பேணாட்ட வள்ளத்துல ரெண்டு பேருக்கு ஏறேலுமா?"

"ஓம். ஆனா படம் வருமோ தெரியா."

"படத்த விடுங்க. நீங்க லைட்டப் பிடிங்க, நான் பாக்கிறன்."