பத்தொன்பது படகும் வாப்பாவுக்கு

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பிழையைத் திருத்த மாட்டேன். அதன் வாயை மூடிவிட்டு, திருத்தியாயிற்று என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிவேன். வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாதம் அந்தப் பழக்கம் என்னைப் பத்தொன்பது படகுக்காரர்களுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

எங்கள் ஊர் கல்பிட்டி. டொல்பின் பார்க்க வருகிறவர்களைக் கடலுக்கு ஏற்றிப்போகும் பத்தொன்பது படகுகளுக்கு இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. சங்கத்தின் பெரிய சட்டம் முறை. வருகிறவர் எந்தப் படகையும் பேர் சொல்லிக் கேட்க முடியாது. இப்போது யாருடைய முறையோ அவர் படகில்தான் ஏற வேண்டும். யார் முறை என்று எழுதிவைக்கும் முறைக் கொப்பியை வைத்திருப்பவர் சங்கச் செயலாளர், அதாவது என் வாப்பா. முறை தாண்டி ஆள் ஏற்றினார் என்று சொந்த மச்சானையே ஒரு கிழமை கரையில் இருத்தியவர். (அந்த மாமா அந்தப் பெருநாளைக்கு எங்கள் வீட்டு வட்டிலப்பத்தைத் தொடவில்லை. அடுத்த பெருநாளைக்கு அதற்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.)

நான் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தேன். சங்கத்துக்கு இணையத்தில் புக்கிங் தளம் செய்கிற வேலை எங்கள் கம்பனிக்கு வந்ததும் வாப்பா கூட்டத்தில் எழும்பி, "எண்ட மகள்தான் செய்யுறா. பிழை வந்தா நான் இந்தக் கதிரைய விட்டு எழும்புறன்" என்று சொல்லிவிட்டு வந்தார். பெருமையில் எனக்குத் தலை கூரையில் இடித்தது. உம்மா மட்டும், "வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்றார்.

எங்கள் சீனியர் மயூரன் தளத்தின் 'வழிகளை' எழுதியிருந்தான். ஒருவர் பட்டனை அழுத்தினால் அந்தக் கோரிக்கை எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பட்டியல் அது. பட்டன்களும், எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்களும் என் பொறுப்பு. நான் 'படகு வேண்டும்' என்று ஒரு பெரிய பட்டன் வைத்தேன். அதையே அழுத்திப் பார்க்கிற மாதிரி டெஸ்ட்களும் எழுதினேன். ஓடவிட்டால் பதினான்கு டெஸ்ட்டும் சிவப்பு. 'பொருந்தும் வழி இல்லை' என்று தொடங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு வரிக்குப் பிழைச் செய்தி.

அந்த இரண்டு வரியை முழுவதும் வாசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. நான் முதல் மூன்று சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். (பட்டம் பெற்றவள் அல்லவா, மிச்சம் எனக்குத் தெரியாதா?) இரண்டு நாளாகக் கோப்புகளின் பெயரை மாற்றினேன், லேப்டொப்பை அணைத்துப் போட்டேன், பிஸ்மி சொல்லி ஓடவிட்டேன். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. மயூரனிடம் கேட்கலாம்தான். ஆனால் கேட்டால் தெரியாது என்று தெரிந்துவிடுமே.

மூன்றாம் நாள் எனக்குள் இருந்த மேதை விழித்துக்கொண்டாள். வழிப் பட்டியலின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். வழி தெரியாமல் எது வந்தாலும் முதலாவது படகின் புக்கிங் பக்கத்துக்கு அனுப்பு என்பது அதன் அர்த்தம். பதினான்கும் பச்சை! பக்கம் திறக்கிறதா என்றுதான் என் டெஸ்ட் பார்த்தது, யாருடைய பக்கம் என்று பார்க்கவில்லை. முதலாவது படகு யாருடையது என்று நானும் யோசிக்கவில்லை. படகுகளின் விபரம் ஏற்றத் தொடங்கிய அன்று பாசத்தில் முதலில் தட்டியது வாப்பாவின் படகைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு சங்க மண்டபத்தில் காட்டுவதாக ஏற்பாடு. தளத்தை ஏற்பதா விடுவதா என்று அன்றே முடிவு. நான் ஒரு சிறிய சொற்பொழிவு ஆற்றிவிட்டு, எல்லோரையும் தங்கள் போனில் பட்டனை அழுத்திப் பார்க்கச் சொன்னேன்.

தலைவர் செபஸ்தியான் அங்கிள் அழுத்தினார். வாப்பாவின் படகு வந்தது. சரி, யாருக்காவது முதல் முறை வரத்தானே வேண்டும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்தவர் அழுத்தினார். வாப்பாவின் படகு. ஐந்தாவது ஆளுக்கும் அதுவே வந்தபோது மண்டபத்தில் எல்லோரும் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"செயலாளர், உங்கட படகுக்கு இன்னும் எத்தனை முறை இரிக்கு?" என்று செபஸ்தியான் அங்கிள் மெதுவாகக் கேட்டார். முப்பது வருசச் சிநேகிதர்.

வாப்பா தன் போனை எடுத்து ஒருதரம் அழுத்தினார். பார்த்தார். முறைக் கொப்பியை மேசையில் வைத்துவிட்டு, சொன்னபடியே கதிரையை விட்டு எழும்பினார்.

"வாப்பா ஒண்டும் செய்யல்ல, நான்தான்!" என்று கத்தினேன். சொற்பொழிவுக் குரல் எங்கே போனதோ, அழுகைக் குரல்தான் வந்தது. நான் சேர்த்த வரியைச் சுவர்த் திரையிலேயே காட்டி, எல்லோர் கண்முன்னும் அழித்தேன். மறுபடி ஓடவிட்டதும் பதினான்கு டெஸ்ட்டும் சிவப்பாகிவிட்டன. வேறு போக்கிடம் இல்லாமல் அந்தப் பிழைச் செய்தியை முதன்முதலாக முழுவதும் வாசித்து, தமிழில் சொன்னேன்: "பொருந்தும் வழி இல்லை, படகு எண் தரப்படவில்லை."

"படகு எண்ணா? எங்கட கரையில ஆரு புள்ள அதைக் கேக்குறது?" என்றார் செபஸ்தியான் அங்கிள்.

மயூரனின் வழி படகு எண் இல்லாமல் திறக்காது, என் பட்டனோ எண் அனுப்புவதே இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மயூரனுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, அவன் பேசுவதை எல்லோருக்கும் கேட்க வைத்தேன். "எந்தப் படகு எண்டு சொல்லாம எப்படிப் புக் பண்ணுறது? ஹோட்டல் அறை மாதிரி ஆள் தெரிவு செய்ய வேணாமா?" என்றான். "முறை!" என்று மண்டபமே ஒரே குரலில் அவனுக்குப் பாடம் எடுத்தது.

"அப்ப உங்கட டெஸ்ட்தான் சரி. நான் போட்ட வழி பிழை. அந்த டெஸ்ட் இரண்டு நாளாச் சொன்னதை நீங்க ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்றான் மயூரன்.

அங்கேயே உட்கார்ந்தேன். படகு எண் கேட்காத புது வழி எழுதி, முறை யாருக்கோ அவர் படகு வருகிற மாதிரிச் செய்தேன். பத்தொன்பது பேரும் பிளேன்டி குடித்துக்கொண்டு என் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது தடவை அழுத்தினால் இரண்டாவது படகு வர வேண்டும் என்று இன்னொரு டெஸ்ட்டும் சேர்த்தேன். அரை மணித்தியாலத்தில் பதினைந்தும் பச்சை. இந்தத் தடவை உண்மையான பச்சை.

ஒவ்வொருவராக அழுத்தினார்கள். பத்தொன்பது பேருக்கும் பத்தொன்பது படகு, கொப்பியில் இருந்த அதே ஒழுங்கில். தளம் ஏற்கப்பட்டது. செபஸ்தியான் அங்கிள் வாப்பாவைத் தோளில் பிடித்து அழுத்திக் கதிரையில் இருத்தினார். அன்று எனக்கு வந்த பெருமை பட்டமளிப்பு நாளில்கூட வரவில்லை. சொன்ன சொல்லுக்கு எழும்பி நின்ற வாப்பாவை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

வாப்பாவோ அன்றிலிருந்து, "ஒருநாள் கல்பிட்டியில உள்ள பத்தொன்பது படகையும் எனக்கு எழுதித் தந்த மகள்" என்றே என்னை அறிமுகப்படுத்துகிறார். பெண் பார்க்க வந்த பாலாவி ஆட்களிடமும் அப்படியே சொன்னார். அவர்கள் சிரிக்கவில்லை, மரியாதையாகத் தலையாட்டினார்கள். எனக்குத்தான் ஏன் என்று விளங்கவில்லை.

கலியாணம் முடிந்து முதல் விருந்தில் என் கணவர் கரையைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்: "மாமா, உங்கட படகு எண்டு ஒண்டுதானே நிக்கிது. மத்தப் பதினெட்டும் எங்க?"

வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "உங்கட பொஞ்சாதிக்கிட்டக் கேளுங்க மருமகன். தந்தவளும் அவதான், அரை மணித்தியாலத்தில திருப்பி எடுத்தவளும் அவதான்."