சுவக்கின் வீட்டு ஆண் மீன்

மூன்றாவது நாளும் மீன் கூடு கட்டவில்லை. சுவக்கின் கண்ணாடிச் சாடிக்குள் மூக்கை நுழைக்காத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, ஒனக்கு ரோசமே இல்லியா?"

சுவக்கின் கண்டி ரயில் நிலையத்தில் சரக்குக் கிளாக்கர். கலஹா ஓடையில் பிடித்த அந்த மீனைப் பற்றி பியட்றிஸ் டீச்சரிடம் அளந்து வைத்திருந்தார்: இந்த இனத்தில் ஆண்தான் நுரை ஊதிக் கூடு கட்டும், முட்டையையும் அதுவே காக்கும். "அப்ப பாக்கணுமே" என்றாள் பியட்றிஸ். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பாவோடு மஹய்யாவவில் இருக்கும் சுவக்கின் வீட்டுக்கு வருவதாகவும் சொன்னாள்.

அப்பா வரப்போவது மீன் பார்க்க அல்ல. மூன்று வருஷமாக இழுபடும் கலியாணப் பேச்சு அது. போன தடவை ஒழுகும் கூரையைப் பார்த்துவிட்டு, "அடுத்த வாட்டியும் இப்பிடியே இருந்தா வேற எடம் பாத்துக்குவோம்" என்று போனவர். கூரை இன்னமும் ஒழுகுகிறது. சுவக்கினுக்கு எப்போதுமே அடுத்த வாரம்தான் பிடித்த வாரம்.

ஒரு பெண் மீனைக் கொண்டுவந்து விட்டார். ஆண் அதைச் சாடி முழுக்கத் துரத்தியது. அதற்குத் துணையாக இன்னும் இரண்டு பெண்களை விட்டார். மூன்றும் சேர்ந்து ஆணைத் துரத்தின. வாலில் ஒரு துண்டு போனதுதான் மிச்சம்.

பள்ளிக்கூட வாசலில் பியட்றிஸிடம் முறையிட்டார்.

"பக்கத்துல இன்னொரு ஆம்பள மீன வச்சுப் பாருங்க."

"சண்ட போடுமே டீச்சர்!"

"தனிப் போத்தல்ல வைங்க. சும்மா பாத்துக்கிட்டே இருக்கட்டும்."

வைத்தார். மறுநாளே பக்கத்துக் காலி வீட்டில் ராஜலிங்கம் என்று ஒருவன் வந்து இறங்கினான். முறுக்கிய மீசை, கையில் சுண்ணாம்பு வாளி. ஏணியில் நின்றபடியே கேட்டான்:

"ஏங்கய்யா, பியட்றிஸ் டீச்சர் இந்தப் பக்கமாத்தானே போவாங்க?"

சுவக்கினுக்குத் தேத்தண்ணீர் புரையேறியது.

அதே நேரம் மீன் நுரை ஊதத் தொடங்கியது. கூரையிலிருந்து மழைத்துளி விழுந்து அதை உடைத்தது. சாடியை அலுமாரிப் பக்கம் நகர்த்தினார், அங்கேயும் ஒழுகியது. கதிரையில் வைத்தார், அங்கே இன்னும் மோசம். மேலே ஒரு தகரத் தட்டை மூடினார். டங் டங் என்ற சத்தத்தில் மீன் பயந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"டீச்சருக்கு நீலக் கதவு புடிக்குமாங்க?" என்று ஏணியிலிருந்து குரல் வந்தது.

அவ்வளவுதான். சுவக்கின் லீவு போட்டுவிட்டுக் கூரையில் ஏறினார். தகரம் மாற்றினார். சுவருக்கு இரண்டு பூச்சு, கதவுக்கு நீலம். ராஜலிங்கத்தை முறைத்துக்கொண்டே அடித்ததில் பாதி வாளி அவர் தலையிலேயே கவிழ்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை அடைமழை. வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. சாடியில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை நுரைக்கூடு, அதன் கீழே விறைப்பாக ஆண் மீன். பியட்றிஸின் அப்பா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. கூரையை அண்ணாந்து பார்த்து, "தை மாசமே வச்சுக்குவோம்" என்றார்.

வந்தவர்கள் போனதும், ஜெயித்த பெருமை தாங்காமல் வேலியோரம் போனார். ராஜலிங்கம் ஏணியை எடுத்துப்போக வந்திருந்தான்.

"டீச்சர எனக்குப் பேசி முடிச்சாச்சு. நீங்க வேற எடம் பாருங்க."

"எனக்கு எதுக்குங்கய்யா? வீட்டுல மூணு புள்ளைங்க இருக்கு" என்று ராஜலிங்கம் சிரித்தான். "சுண்ணாம்பு அடிக்கிறது நம்ம தொழிலு. இது டீச்சரோட மாமா வீடு. ஒங்க கண்ணுல படுற மாதிரி நின்னு அடிக்கச் சொன்னதும், அவங்களப் பத்தி ஒங்ககிட்ட விசாரிக்கச் சொன்னதும் டீச்சரேதான்."